என் தலைக்கு இரண்டு அளவு

என் தலைக்குள் இருந்த கட்டி பதினெட்டு மில்லிமீட்டர் என்று கோலாலம்பூரில் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து மலாக்காவில் இருபத்து மூன்று என்றார்கள். இடையில் இருந்த அந்தத் துளியூண்டு வித்தியாசத்துக்காக என் மண்டையைத் திறப்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பமே கூடியது. கத்தினார்கள், சாமி கேட்டார்கள், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது இது. நாங்கள் லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால்மரம் வெட்டினேன், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் வேலை பார்த்தார். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். அதனால் எனக்கு என்ன நோய் என்பதைக்கூட மற்றவர்கள்தான் டாக்டரிடம் சொல்வார்கள். தலை வலிக்கிறது என்று நான் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் தம்பியிடம் சொல்வார். அந்தத் தம்பி, அதாவது என் கொழுந்தனார், டாக்டரிடம் சொல்லும்போது அது தாங்க முடியாத வலியாகி, வாந்தியும் சேர்ந்து, இரண்டு வருடமாக இருப்பதாகிவிடும். எங்கள் வீட்டில் வியாதி உடம்பில் வளர்வதைவிட வாயில்தான் அதிகம் வளரும்.

முதல் தடவை மரத்தடியில் கண் இருட்டி விழுந்தபோது எங்களை மேய்க்கிற மண்டோர் வந்து பார்த்தார். "காலையில ஒன்னும் சாப்பிடாம ஓடியாந்தா விழத்தான் செய்வீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்து மருந்து வீட்டில் இருந்த டிரஸ்ஸர், வயிற்று வலிக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். இரண்டாவது தடவை விழுந்தபோது வலது கை கொஞ்ச நேரம் மரத்துப் போய்விட்டது. கத்தி பிடிக்கிற கை. அப்போதுதான் வீட்டில் பயந்தார்கள். கொழுந்தனார் உள்ளே நுழைந்தார்.

கொழுந்தனார் சிரம்பானில் ஒரு வக்கீல் ஆபீசில் காகிதம் எழுதுகிற கிராணி. லோபாக்கில் வீடு. வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கும் பாதி வக்கீல் ஆன நினைப்பு. கே.எல். என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலையைக் குறுக்கே வெட்டினாற்போலப் படம் எடுக்கிற காந்த மெஷின் இருக்கிறது என்றும், அங்கே தனக்கு ஆள் தெரியும் என்றும் சொன்னார். அங்கே அவருக்குத் தெரிந்த ஆள் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுப்பவர் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

இரும்பாக எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்று அங்கே நர்ஸ் சொன்னாள். தாலிக்கொடியை வெளியே எடுத்தேன். எங்கள் பெண்கள் எல்லாரையும் போல நானும் அதில் ஊக்குகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தேன். "இது என்னம்மா, தையல் கடையா?" என்று சிரித்தாள். தாலியைக் கழற்றலாமா கூடாதா என்று வெளியே கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் ஒரு வழக்கே நடத்தினார்கள். கடைசியில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். தகர டப்பாவில் என்னைப் போட்டு மூடி, வெளியே நின்று ஆள் மாற்றி ஆள் அடிப்பதுபோல் இருந்தது. அசையாதே என்றார்கள். அசையாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

மூளைக்கு வெளியே, மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் கட்டி இருக்கிறது, கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை, இப்போதைக்கு வெட்ட வேண்டாம், ஆறு மாதம் கழித்து வளர்ந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்ப்போம் என்று அந்த டாக்டர் சொன்னார். வளராமல் இருந்தால் மாத்திரையோடு போய்விடும், வளர்ந்தால்தான் தொந்தரவு என்றார். பதினெட்டு மில்லிமீட்டர். கொழுந்தனார் இதைத் தன் சம்பள உயர்வு மாதிரி ஊர் முழுக்கச் சொன்னார்.

ஆறு மாதம் ஆனது. இப்போது என் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் மம்பாவ்வில் இருந்தார். சொந்தமாக மணல் லோரி ஓட்டினார். தங்கச்சி தலையைக் கொழுந்தன் கொண்டுபோய்க் காட்டினான், அண்ணன்காரன் என்ன செய்தான் என்று யாரோ கல்யாண வீட்டில் கேட்டுவிட்டார்களாம். உடனே கிளம்பி வந்துவிட்டார்.

"மலாக்காவுல புது மெஷின் வந்துருக்கு மாப்ள. அங்க ஆம்புலன்ஸ் ஓட்டுறவன் நம்ம கூட்டாளி. அந்த கே.எல். டப்பாவுல போட்டு எதுக்கு மறுபடியும் புள்ளய நசுக்குறீங்க?"

வீட்டுக்காரர் தலையாட்டினார். எதற்கும் தலையாட்டுவார். மலாக்கா போனோம். அதே மாதிரி டப்பா, அதே மாதிரி அடி. இந்தத் தடவை நடுவில் வெளியே இழுத்து, கையில் ஒரு ஊசி போட்டு, திரும்பவும் உள்ளே தள்ளினார்கள். கோலாலம்பூரில் ஊசி போடவில்லை. ஏன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அங்கிருந்த டாக்டர் பழைய காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். புதுக் காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். பதினெட்டு, இருபத்து மூன்று. பழைய படம் வீட்டுக்காரர் மடியில் பெரிய உறைக்குள் இருந்தது. அதை அவர் கேட்கவும் இல்லை, இவர் கொடுக்கவும் இல்லை. "வளர்ந்துவிட்டது, தள்ளிப் போடாமல் எடுத்துவிடுவது நல்லது" என்று டாக்டர் சொன்னார். எடுக்கும்போது பக்கத்து இடம் பட்டுவிட்டால் வலது கை விளங்காமல் போகலாம், பேச்சும் போகலாம், ஆனால் விட்டுவைத்தாலும் ஆபத்து என்றார். ஒரு கழித்தல் கணக்குப் போட்டு என் தலையைத் திறக்கச் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு எனக்கே தெரியும், இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோபாக் வீட்டில் கூட்டம். நான் அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். படங்களை உறையிலிருந்து எடுத்துக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். கொழுந்தனார் சம்சாரம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அக்கா, மூள இம்புட்டுத்தானா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். தன்னுடையதை இன்னும் யாரும் படம் எடுக்காத தைரியம்.

"வளந்துருச்சின்னு டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னா பேச்சு? எடுத்துற வேண்டியதுதான்" என்றார் அண்ணன்.

"கட்டி வளந்துச்சா, இல்ல உங்க மலாக்கா மெஷின் கூட்டிக் காட்டுதா மச்சான்? அதப் பாருங்க மொதல்ல. கே.எல். மெஷின் ஜெர்மன்லேருந்து வந்ததுலா."

"எப்ப வந்துச்சி? சப்பான்காரன் காலத்துலயா? நம்ம மெஷின் புத்தம் புதுசு சின்ன மாப்ள. சுத்தியிருந்த பிளாஸ்டிக் கூட இன்னும் பிரிக்கல."

"பிரிக்காமயேவா அண்ணிய உள்ள போட்டீங்க?"

"கிண்டலா? அளவுன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? நான் மணல் அளந்து விக்கிறவன்."

அண்ணன் மணல் அளந்த லட்சணம் மம்பாவ்வில் வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். கொழுந்தனார் அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் சம்சாரம் முறுக்குத் தட்டை நடுவில் நீட்டிவிட்டாள்.

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைப் பேசவே இல்லை. ஜெர்மன் மெஷின் சரி என்றால் என் கை எனக்கு இருக்கும். புது மெஷின் சரி என்றால் கையும் போகலாம், வாயும் போகலாம். அவர்களுக்கு அது மாட்டுப் பந்தயம் மாதிரி. எந்த ஊர் மாடு ஜெயிக்கிறது என்பதுதான் முக்கியம், ஓடுகிற இடம் என் தலை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

வீட்டுக்காரரைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். "ரெண்டு பேரு சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்றார்.

பேச்சு போய்விடுமாமே என்று கொழுந்தனார் சம்சாரம்தான் கடைசியில் கேட்டாள். அதற்கு அண்ணன், "போனா போவட்டும்மா. அது என்னைக்குப் பேசியிருக்கு, இப்ப போறதுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கரண்டியைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினேன். எனக்குத் தெரிந்த எதிர்ப்பு அவ்வளவுதான். தே மட்டும் நன்றாக நுரைத்திருந்தது.

முடிவுக்கு வராததால் சாமியிடம் கேட்பது என்று முடிவு செய்தார்கள். சிவப்புப் பூவை ஒரு வெற்றிலையிலும் வெள்ளைப் பூவை இன்னொரு வெற்றிலையிலும் வைத்து, வெளியே தெரியாமல் மடித்து, அம்மன் காலடியில் போட்டுக் கும்பிட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது எங்கள் வழக்கம். பெண் பார்க்க, வீடு வாங்க, தோட்டம் மாற எல்லாவற்றுக்கும் பூக் கேட்போம். சிவப்பு வந்தால் வெட்டுவது, வெள்ளை வந்தால் விடுவது. தோட்டத்துக் கோயிலில் பூசாரி எடுத்தார். சிவப்பு.

"பாத்தீங்களா! ஆத்தாளே மலாக்கா மெஷின்தான் சரின்னுட்டா!" அண்ணன் கற்பூரத் தட்டில் நோட்டு வைத்தார்.

கொழுந்தனார் விடுவாரா? பூசாரியின் மகன் அண்ணன் லோரியில் மணல் அள்ளுகிறவன் என்று ஞாபகப்படுத்தினார். "இது செல்லாது. நடுவுல ஆள் சம்பந்தம் இருக்கு" என்று வக்கீல் பாஷை பேசினார். சிரம்பானில் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஒரு கோயிலுக்குப் போய் மறுபடியும் பூக் கேட்டோம். வெள்ளை வந்தது. மெஷின்தான் ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறது என்று பார்த்தால், அம்மனும் அப்படித்தான். அண்ணன் மூன்றாவதாக மலாக்காவில் ஒரு கோயிலைச் சொன்னார். வீட்டுக்காரர் இரண்டு அம்மன் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது என்றார். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு வைத்துவிட்டுக் குழம்பு ஊற்றவில்லை. அதை அவர் கவனித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

கடைசியில், வெட்டுவதென்றாலும் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் என்று பேசி, அங்கே டாக்டரைப் பார்க்க ஒரு நாள் வாங்கினார்கள். முடி எடுக்க வேண்டியிருக்கும் என்று தோட்டத்தில் பெண்கள் முன்கூட்டியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் முடி இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் போலிருக்கிறது. ஒருத்தி அழுதேவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை. அவர்கள் போன பிறகு வலது கையை மூடி மூடித் திறந்து பார்த்தேன். வேலை செய்தது. இந்தக் கை இல்லாமல் எப்படி மரம் வெட்டுவேன், எப்படிச் சாப்பிடுவேன், கக்கூசுக்கு யார் என்னைக் கூட்டிப் போவார் என்று யோசித்தேன். வெட்கப்படுகிற ஒருத்திக்கு அதைவிடப் பெரிய பயம் இல்லை.

அந்த நாளும் வந்தது. டாக்டரின் சின்ன அறைக்குள் நாங்கள் நாலு பேரும் நுழைந்தோம். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், எனக்கு மகளாகிற வயதுதான் இருக்கும். தூக்கம் இல்லாத கண். "என்ன பிரச்சினை?" என்று மலாயில் கேட்டார். அதுதான் தாமதம். கொழுந்தனார் இங்கிலீஷில் கோலாலம்பூர் மெஷினின் பெருமையைத் தொடங்கினார். அண்ணன் மலாயில் மலாக்கா மெஷினின் பெருமையைத் தொடங்கினார். சத்தம் வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டு, ஒரு ஆள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நோயாளி யார்?"

மூன்று பேரும் என்னைக் காட்டினார்கள்.

"மற்றவர்கள் வெளியே போங்கள்."

கொழுந்தனார், தான் வக்கீல் ஆபீசில் இருப்பதைச் சொன்னார். டாக்டர் கதவைக் காட்டினார். வீட்டுக்காரர் ஏற்கெனவே வெளியே போயிருந்தார்.

கதவு சாத்தியதும் எனக்குக் காது சூடானது. ஆனால் தமிழில் பேச வேண்டியதில்லை என்பதே ஒரு நிம்மதியாக இருந்தது. பாசாரில் மீன் வாங்குகிற மலாய் எனக்கு நன்றாக வரும். அதில் வெட்கம் ஒட்டாது. "மக்சிக்" என்று அவர் பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். "மக்சிக், சொல்லுங்கள்."

நான் சொன்னேன். இவர்கள் வெட்ட வேண்டும் என்கிறார்கள். கை போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அது நிஜமாகவே வளர்ந்துவிட்டதா?

டாக்டர் இரண்டு காகிதத்தையும் படித்தார். "இந்த இரண்டு படத்தையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா?"

இல்லை என்றேன். லோபாக்கில் தலைகீழாகப் பார்த்ததைச் சொல்லவில்லை.

உறையைப் பிரித்து, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் இரண்டையும் மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். மெஷின் தலையை முழுசாகப் பார்ப்பதில்லையாம். ரொட்டிக்காரர் ரொட்டியைத் துண்டு துண்டாக அறுப்பதுபோல அறுத்து அறுத்துத்தான் பார்க்குமாம். கோலாலம்பூர்க்காரர்கள் தடித் துண்டாக, நடுநடுவே இடைவெளி விட்டு அறுத்திருந்தார்கள். கட்டியின் பருத்த இடம் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டால் சின்னதாகத்தான் தெரியும். மலாக்காவில் மெல்லிசாக அறுத்திருந்தார்கள். போதாததற்கு ஊசி வேறு போட்டிருந்தார்கள். அந்த மருந்து போனால் கட்டியோடு அதைச் சுற்றியுள்ள உறையும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், கட்டி எங்கே முடிகிறது என்று கோடு போடுகிறவர் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிடுவார். ஒருவர் குறுக்கே அளந்திருக்கிறார், இன்னொருவர் சாய்வாக அளந்திருக்கிறார்.

மேசையில் இருந்த பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்துப் படத்தின் ஓரத்தில் இருந்த அளவுக்கோட்டோடு ஒப்பிட்டு அவரே கோலாலம்பூர்ப் படத்தை அளந்தார். இருபது என்றார். அடுத்த அறையிலிருந்த டாக்டரைக் கூப்பிட்டு, தான் அளந்ததைச் சொல்லாமல் அவரையும் அளக்கச் சொன்னார். அவர் பதினேழு என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரே படம், ஒரே அடிக்கோல், படித்தவர்கள் இரண்டு பேர்.

"வளரவில்லை என்று நான் சொல்லவில்லை மக்சிக்" என்றார் டாக்டர். "வளர்ந்தது என்று சொல்ல இது போதாது என்கிறேன். முதலில் எடுத்த அதே மெஷினில், அதே மாதிரி அறுத்து, ஊசி போடாமல் எடுத்து வாருங்கள். இரண்டையும் ஒரே ஆளை அளக்கச் சொல்வோம். அதுவரைக்கும் யாரும் உங்கள் தலையில் கை வைக்கமாட்டார்கள்."

வெளியே வந்தேன். மூன்று பேரும் எழுந்தார்கள். கே.எல். மெஷினுக்குத் திரும்பிப் போகச் சொன்னார் என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. கொழுந்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்லா!" என்றார். டாக்டர் எந்த மெஷினையும் உயர்வாகச் சொல்லவில்லை, பழையதோடு ஒப்பிடத்தான் பழைய இடத்துக்கே அனுப்புகிறார் என்று விளக்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள். அண்ணன் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

கோலாலம்பூரில் தேதி கிடைக்கும்வரை நான் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு மரத்திலும் கத்தியை வைக்கும்போது கை உணர்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். படம் எடுத்தார்கள். பழையதையும் புதியதையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரே ஆளிடம், எது எப்போது எடுத்தது என்று சொல்லாமல், கொடுத்து அளக்கவைத்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது. "இது கை நடுக்கத்தில் வருகிற வித்தியாசம்" என்றார் அந்தப் பெண் டாக்டர். "வளரவில்லை. வீட்டுக்குப் போங்கள்." மயக்கம் வராமல் இருக்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை இன்றும் சாப்பிடுகிறேன்.

லோபாக்கில் கொழுந்தனார் விருந்து வைத்தார், எனக்கு இல்லை, மெஷினுக்கு. ஜெர்மன்காரனைப் பற்றியே சாப்பாடு முடியும்வரை பேசினார். சிரம்பான் கோயிலில் வெள்ளைப் பூ வந்ததற்குப் பொங்கலும் வைத்தார். அண்ணன் வரவில்லை. தன் மெஷினையும் தன் சாமியையும் நான் சேர்ந்து அவமானப்படுத்திவிட்டதாக அண்ணியிடம் சொன்னாராம். என் தலை வெட்டப்படாமல் போனதில் அவருக்கு ஒரு மரியாதைக் குறைவு.

சில வருடம் கழித்து அந்தக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புதிது வைத்தார்கள். அதில் என் கட்டி பதினாறு என்று வந்தது. டாக்டர் உடனே, "சந்தோஷப்படாதீர்கள், மெஷின் மாறியிருக்கிறது, இனிமேல் இதிலிருந்து புதிதாக எண்ணுவோம்" என்றார். நான் கேட்டுக்கொண்டேன். கொழுந்தனார் கேட்டுக்கொள்ளவில்லை. தன் வேண்டுதலால் கட்டி கரைகிறது என்று பால்குடம் எடுத்தார். இரண்டு தெரு நடந்துவிட்டுக் காலில் கொப்புளம் என்று டாக்சியில் ஏறிக்கொண்டார்.

அண்ணன் பிறகு ஒரு கல்யாண வீட்டில்தான் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, நேராகத் தலையைத்தான் பார்த்தார்.

"இன்னும் அப்படியேதான் வச்சிருக்கியா?"

விற்காமல் போட்டிருக்கும் நிலத்தைக் கேட்பதுபோல் இருந்தது.

"அப்படியேதான் இருக்கு அண்ணே" என்றேன். பந்தலில் நாலு பேருக்கு மேல் இருந்தார்கள். காது சூடாகத்தான் செய்தது.

"எவ்ளோ இருக்குங்குறானுங்க இப்ப?"

"யாரு அளக்குறாங்கன்றத பொறுத்து அண்ணே."

பக்கத்தில் இருந்த யாரோ சிரித்தார்கள். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார். நானும் போய் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். யாருடைய உதவியும் இல்லாமல் வலது கையால் பிசைந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.